பிள்ளைகள் வரிசையில் ஏழாவது மரம்

ஆல்டர்ஸ்பி மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் அங்குள்ள நாற்காலிகளில் உட்காரக் கூடாது. அதை அட்டையில் எழுதி வைத்தால் மரியாதைக் குறைவாம். அதனால் ஒவ்வொரு பட்டு மெத்தையின் நடுவிலும் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்துவிடுவார்கள். முள்ளைக் காட்டி நிற்க வைப்பது மரியாதைக் குறைவில்லை போலும். செவ்வாயும் வியாழனும் மஞ்சள் அறையின் ஐந்து நாற்காலிகளுக்கும் முள் வைப்பது எனிட் கட்ஃபோர்த்தின் வேலை. பிறகு சாயங்காலம் ஐந்து மணி வரை கணப்புக்குப் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கு வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். எழுபத்துமூன்று வயது. சம்பளம் கிடையாது. மதியம் டீயும் ஒரு துண்டு கேக்கும் உண்டு.

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். கம்பளி வியாபாரத்தில் கொழித்த மார்வுட் ஒருவர் 1702இல் கட்டினார். அவருடைய பேரன் சீட்டாடிப் பாதி நிலத்தைத் தோற்றான். 1811இல் சமையலறையில் வாத்துக் கொழுப்பு தீப்பிடித்து மேற்குப் பகுதி எரிந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் வந்து படுத்தார்கள். இரண்டாம் போரில் காயம்படாத சிப்பாய்கள் வந்து தங்கி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடுங்கிக் குளிர் காய்ந்தார்கள். 1957இல் ஒழுகலைச் சமாளிக்க முடியாமல் கிழக்குப் பகுதியை இடித்தே விட்டார்கள். கூரை ஒழுகியது, யாரோ செத்தார்கள், மறுபடி கூரை ஒழுகியது என்று முந்நூறு வருஷத்தை மூன்றே வரியில் முடித்துவிடலாம். எனிட் அதை ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்வாள். அது அவள் சுபாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சுபாவமில்லை. இருபத்துமூன்று வயதில் அவளுக்குள் ஏதோ மரத்துப்போயிற்று, அப்புறம் அது சரியாகவே இல்லை.

மஞ்சள் அறை ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. அதன் ஓரமாக ஒரே வரிசையில் வால்நட் மரங்கள். பிள்ளைகள் வரிசை என்று அதற்குப் பெயர். மார்வுட் வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த வாரமே தகப்பன் ஒரு வால்நட் கன்று வைக்க வேண்டும். குழி வெட்டுவது தோட்டக்காரன். முதல் பிடி மண்ணைப் போடுவது தகப்பன். போட்டோவில் நிற்பதும் தகப்பன்தான். 1889 முதல் 1931 வரை ஆறு பிள்ளைகள், ஆறு மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஈயத் தகட்டில் பெயரும் தேதியும் இருக்கும். வரிசையின் கடைசியில் ஏழாவதாக ஒன்று நின்றது, மற்றவற்றைவிட வயதில் சிறியது. அதற்குத் தகடு கிடையாது. அது யாருக்காக வைத்த மரம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எனிட், இன்னொருவன் அவள் புருஷன் வில்ஃப். அது அவர்களுடைய பிள்ளையின் மரம்.

1963ஆம் வருஷக் குளிரைப் பற்றி லிங்கன்ஷயரில் இன்றும் பேசுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழுந்த பனி மார்ச் வரை கிடந்தது. மண் இரும்பாக இறுகிவிட்டது. பிப்ரவரியில் எனிட்டுக்குக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். நர்ஸ் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள், கதவு சாத்திக்கொண்டது. பார்க்காமல் இருப்பதுதான் உனக்கு நல்லது, சீக்கிரமே இன்னொன்றைப் பெற்றுக்கொள் என்றார்கள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. எங்கே புதைத்தார்கள் என்பதைத் தாய்க்குச் சொல்வதில்லை. பதிவுத் தாளில் அப்படிப் பிறந்த குழந்தையின் பெயரை எழுத இடமும் கிடையாது. இன்னொன்று பிறக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது தொட்டிலும் தள்ளுவண்டியும் இருந்த இடம் காலியாக இருந்தது. வில்ஃப் அப்போது மாளிகைத் தோட்டத்தில் இரண்டாம் ஆள்.

“பனி இன்னும் விடல,” என்றான்.

“ஆமா,” என்றாள் எனிட்.

மார்ச் இரண்டாம் வாரம் மண் இளகியது. ஒரு சாயங்காலம் வில்ஃப் வேலையிலிருந்து வந்து, குழாயடியில் நகத்து மண்ணைக் கழுவிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

“வரிசைக் கடைசில ஒரு வால்நட் வெச்சேன்.”

“அப்படியா,” என்று சொல்லிவிட்டு எனிட் உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை வடித்தாள்.

அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். அதில் குழி வெட்டியவனும் அவனே, முதல் பிடி மண் போட்டவனும் அவனே என்பதை அவளாகப் புரிந்துகொண்டாள். புதிதாக ஒரு கன்று நிற்பதை மாளிகை எஜமானி லேடி மார்வுட் கவனித்துக் கேட்டபோது, தானாக முளைத்தது என்று வில்ஃப் சொல்லிவிட்டான். முளைத்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தம்மாளும் விட்டுவிட்டாள். ஐம்பது வருஷம் போயிற்று. லேடி மார்வுட் போய்ச் சேர்ந்தாள், மாளிகை ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. வில்ஃப் தலைமைத் தோட்டக்காரனாகி, முட்டி தேய்ந்து, ஓய்வு பெற்று, இப்போது கிராமத்து வீட்டில் டிவியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாளிகைப் பக்கம் வருவதில்லை. எனிட் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள், வரலாற்றின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை என்று ஊரில் பேச்சு. அவள் வந்தது அந்த ஜன்னலுக்காக.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நாலாவது நாற்காலிக்கு முள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஏழாவது மரத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி தெரிந்தது.

வெட்டப் போகிற மரத்துக்குத்தான் அப்படிக் குறி போடுவார்கள். தோட்டக்காரன் பெண்டாட்டிக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அழுகை வரவில்லை. ஐந்தாவது நாற்காலிக்கும் முள்ளை வைத்துவிட்டு, மாளிகையின் மேலாளர் கிளைவ் ரட்கினைத் தேடிப் போனாள்.

“ரட்கின், கடைசி வால்நட்ல குறி போட்டிருக்கே?”

“இமோஜன் போட்டது, எனிட். தோட்டத்த அப்படியே 1931ல இருந்த மாதிரி ஆக்கப் போறோம்ல? அந்த வருஷத்துப் போட்டோல ஆறுதான் இருக்கு. ஏழாவது அழைக்காம வந்த விருந்தாளி. அது போயிட்டா மாளிகை முன்மேடைல நின்னு பாத்தா சர்ச் கோபுரம் பளிச்சுனு தெரியும்.”

“எப்ப வெட்டுறாங்க?”

“அக்டோபர்ல. என்ன, முகம் இப்படிப் போகுது? விறகு உங்களுக்குத்தான், நானே கொண்டாந்து போடுறேன். வில்ஃப் காலை நீட்டிக் குளிர் காயட்டும்.”

ரட்கின் நல்ல மனுஷன். எனிட்டுக்கு முதுகு வலிக்குமே என்று தன் கையால் ஸ்டூல் கொண்டுவந்து போடுகிறவன். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து அது வந்ததுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

வியாழக்கிழமை மதிய டீயை விட்டுவிட்டு இமோஜனைத் தேடிப் போனாள். இமோஜன் பழைய தோட்டங்களின் வரலாற்றைப் படித்தவள், அறக்கட்டளை அமர்த்திய நிபுணர், முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டச் சுவரின் நிழலில் மண்டி போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒரு கல்லின் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மார்வுட்கள் தங்கள் நாய்களைப் புதைத்த இடம் அது. பதினாலு கற்கள். சாட்டின், 1904. பிரிகேடியர், 1922. டாஃபி, 1938, ‘அவளைப் போல் விசுவாசமானவர் இல்லை’.

“இங்க பாருங்க மிசஸ் கட்ஃபோர்த்,” என்றாள் இமோஜன், கண் கலங்காத குறையாக. “எவ்வளவு பிரியம்! இதுல ஒரு கல்லக்கூட யாரையும் அசைக்க விட மாட்டேன். எல்லாத்தையும் பாதுகாக்க வேண்டிய பட்டியல்ல சேத்துட்டேன்.”

“அந்தக் கடைசி வால்நட்டையும் சேத்துக்க முடியாதா?”

இமோஜன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “எனக்கும் மரத்த வெட்டப் பிடிக்காதுங்க. ஆனா நான் காரணம் எழுதணுமே. இந்த மரம் இந்த வீட்டுக் கதைல யாருக்கு முக்கியமா இருந்துச்சு? அதுக்கு ஒரு வரி பதில் இருந்தாப் போதும், நான் சண்டை போட்டுக் காப்பாத்திருவேன். டயரில இல்ல, கடிதத்துல இல்ல, கணக்குலயும் இல்ல. எங்கயுமே இல்ல.”

“ஒரு தோட்டக்காரர் வெச்சது.”

“எந்த மரத்தத்தான் தோட்டக்காரர் வைக்கல?” இமோஜன் சிரித்தாள். குத்தலான சிரிப்பில்லை. “குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டாங்கறதுதான் கேள்வி.”

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள். பிறகு ரட்கினிடம் ஓடுவாள், ரட்கின் அறக்கட்டளைக் குழுவைக் கூட்டுவான், குழு மிகுந்த வருத்தத்துடன் இது இந்த வீட்டின் வரலாற்றில் சேராது என்று பணிவாக எழுதி அனுப்பும். ஒருவேளை விட்டும் வைக்கலாம். எப்படியானாலும் பொழுது சாய்வதற்குள் விஷயம் ஊருக்குப் போய்விடும். மளிகைக் கடைக்காரி வாசல்படியில் நின்று வில்ஃபிடம் துக்கம் விசாரிப்பாள். ஐம்பது வருஷமாகப் பெண்டாட்டியிடமே பேசாததை அவன் மளிகைக் கடைக்காரியிடம் பேச வேண்டியிருக்கும். அதை அவளால் அவனுக்குச் செய்ய முடியாது. எனிட் அந்தப் பதினாலு கற்களையும் பார்த்தாள். அத்தனைக்கும் பெயர் இருந்தது.

“அது ஒரு நாய்க்கு வெச்ச மரம்,” என்றாள்.

இமோஜன் அப்படியே நிமிர்ந்தாள். “என்னது?”

“லேடி மார்வுடோட நாய். அறுபத்துமூணு பிப்ரவரில செத்துப்போச்சு. அந்தப் பனில மண்ணு இரும்பா இருந்துச்சு, இங்க குழி வெட்ட முடியல. மார்ச்ல பனி விட்டதும் அங்க வரிசைக் கடைசில கொண்டுபோயி… மேல ஒரு வால்நட் வைக்கச் சொன்னாங்க. பிள்ளையாட்டம் நெனச்சாங்க.”

“பிள்ளைகள் வரிசைலயே! ஐயோ, இத ஏன் யாருமே எழுதி வைக்கல?” இமோஜன் பையிலிருந்து நோட்டை உருவி மளமளவென்று எழுதினாள். “பிப்ரவரில செத்துச்சு, மார்ச்லதான் புதைச்சாங்க. நடுவுல அத்தனை நாளும் எங்க வெச்சிருந்தாங்க?”

அந்தக் கேள்வியை எனிட் யாரிடமும் கேட்டதில்லை. டாக்டரிடம் கேட்கவில்லை, பாதிரியாரிடம் கேட்கவில்லை, தன்னிடம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஊரில் ஒருவனாலும் குழி வெட்ட முடியாத அந்த நாட்களில் எங்கே வைத்திருந்தார்கள்?

“தெரியல,” என்றாள். “எங்கிட்ட யாரும் சொல்லல.”

“உங்ககிட்ட எதுக்குச் சொல்லப் போறாங்க, பாவம்,” என்றாள் இமோஜன் எழுதிக்கொண்டே. “ஆணா, பொண்ணா?”

“பொண்ணு.”

“பேரு ஞாபகமிருக்கா?”

அந்தப் பெயரை எட்டாம் மாதத்தில், பின்னிக்கொண்டிருந்த சின்ன சட்டையைக் கீழே வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து யோசித்து வைத்தாள். வில்ஃபிடமும் சொல்லவில்லை, பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அப்புறம் சொல்ல இடமே வரவில்லை.

“ரோவீனா,” என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுவாரமே ஆரஞ்சுக் குறியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார்கள். ரட்கினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நாய்க்கு ரோவீனாவா? பெரிய வீட்டு நாய்னா சும்மாவா எனிட்! எங்க வீட்டு நாய் பேரு பிஸ்கட்டு.” ஜூலையில் மரத்தடியில் கருங்கல் பலகை ஒன்று வந்தது. ‘ரோவீனா. லேடி மார்வுடின் அன்புக்குரிய தோழி. 1963.’ புகைப்படங்களில் லேடி மார்வுடின் மடியில் எப்போதும் ஸ்பானியல் ஜாதி நாய்தான் இருந்தது என்பதால் ரோவீனாவும் ஸ்பானியல் ஆனாள். ஆகஸ்டுக்குள் மாளிகைக் கடையில் ஸ்பானியல் முகம் போட்ட கோப்பை வந்தது. ஜனங்கள் தங்கள் நாய்களைக் கூட்டிவந்து மரத்தடியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், பலகை மேல் நாய் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனார்கள். முந்நூறு வருஷ வீட்டில் எரிந்த மேற்குப் பகுதியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மஞ்சள் அறைக்குள் நுழைந்ததுமே அந்த நாய்க் கதையைச் சொல்லுங்கள் என்றார்கள்.

எனிட் சொன்னாள், ஒரு நாளைக்கு முப்பது தடவை. பனியைச் சொன்னாள், இரும்பாக இறுகிய மண்ணைச் சொன்னாள், கூரை ஒழுகிய கதையைச் சொல்கிற அதே குரலில். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெற்ற பிள்ளையை நாயாக்கிவிட்டாயே என்று தன்னைத் திட்டிக்கொள்ளக்கூட இல்லை. திட்டுவதற்கும் உள்ளே கொஞ்சம் உயிர் வேண்டும். மரம் நின்றது, அது போதும் என்று இருந்தாள். வில்ஃபுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

செப்டம்பர் கடைசியில், மாளிகையில் உழைத்தவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் டீ கொடுப்பார்கள். வில்ஃப் ஒரு வருஷமும் போனதில்லை. இந்த வருஷம் அவள் கிளம்பும்போது டை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

“ரட்கின் போன் பண்ணினான். கார் அனுப்புறானாம்.”

“உன் முட்டிக்கு அவ்வளவு தூரம் ஆகுமா?”

“கேக் திங்க முட்டி எதுக்கு?”

புல்வெளியில் மேஜை போட்டிருந்தார்கள். வில்ஃபின் தட்டில் இரண்டாவது துண்டு கேக் விழுவதற்குள்ளாகவே ரட்கின் வந்து அவன் தோளில் கை போட்டான்.

“வில்ஃப், அறுபத்துமூணுல நீங்க இங்கதானே இருந்தீங்க? ரோவீனாவப் பத்திச் சொல்லுங்களேன்.”

“எந்த ரோவீனா?”

“என்னங்க, நாய்! கடைசி வால்நட்டுக்கு அடில இருக்கே! எனிட் உங்ககிட்ட சொல்லவே இல்லியா?”

வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தான். எனிட்டைப் பார்த்தான். எனிட் தட்டிலிருந்த ஜாமைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேஜையில் கை ஊன்றி எழுந்து, கைத்தடியை எடுத்தான்.

“பாத்துட்டு வர்றேன்,” என்றான்.

அவள் பின்னாலேயே போனாள். அவன் ஒவ்வொரு மரமாகக் கடந்து நடந்தான், தகடுகள் பக்கம் திரும்பவில்லை. ஏழாவது மரத்தடியில் ஒரு குடும்பம் தங்கள் லாப்ரடார் நாயைப் பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் முடித்துவிட்டுப் போகும் வரை வில்ஃப் தடியை ஊன்றிக் காத்திருந்தான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தான். மூன்றே வரியைப் படிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று எனிட் நின்றாள்.

“வெட்டப் பாத்தாங்க,” என்றாள். “எனக்கு வேற வழி தெரியல.”

“நாய்னு சொன்னாத்தான் விடுவாங்கன்னு கண்டுபுடிச்சிருக்க.”

“கோவமா?”

வில்ஃப் தடியின் நுனியால் பலகையின் முதல் வரியைத் தொட்டான்.

“இதான் பேரா?”

“ம்.”

“எப்ப வெச்ச?”

“எட்டாம் மாசமே. பொறந்ததும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

“ரோவீனா,” என்றான் வில்ஃப். “ரோவீனா கட்ஃபோர்த்,” என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தான். தன் மகளின் பெயரை ஐம்பது வருஷம் கழித்து ஒரு நாய்ப் பலகையில் படித்துத் தெரிந்துகொண்ட மனுஷன் அவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “நல்ல பேருதான்.”

அங்கே மேஜைப் பக்கம் யாரோ ரட்கினைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள்.

“நான் பாத்தேன்,” என்றான் வில்ஃப்.

“எதப் பாத்த?”

“அவள. கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டாங்கல்ல, அந்த ரூம்ல மேஜை மேல வெச்சிருந்தாங்க. நர்ஸு பேனா எடுக்கப் போனா. நான் துண்ட விலக்கிப் பாத்தேன். உங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. பேசினா நீ தாங்க மாட்டேன்னாங்க.”

எனிட் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வருஷமாகத் துண்டும் கதவும் மட்டுமே இருந்த இடத்தில் வலித்தது, அவள் அலறிவிடுவாள் போல வலித்தது. ஆனாலும் கேட்டாள்.

“எப்படி இருந்தா?”

“கறுப்பு முடி. தலை நிறைய.”

“நிறையவா?”

“ஆமா. நம்ம ரெண்டு பேருக்கும் அந்தக் கறுப்பு கிடையாது. ஒரு கை வெளிய இருந்துச்சு. நான் அத எடுத்து உள்ள வெச்சேன்.”

“இன்னொரு தடவ சொல்லு,” என்றாள் எனிட்.

அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.